தண்ணி எந்த வழியா வருது?

தீயணைப்பு வண்டிகளின் அளவு மாதிரிகளை வீட்டு மேசையில் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

நம்மில் பலர் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் வீடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் சாப்பாட்டு மேசையில் ஒரு மூலை உங்களுக்குக் கிடைத்திருக்கும். பிறகு விருந்தாளி வந்த ஒரு நாளில் அந்த மூலையும் பறிபோய், பால்கனியிலோ மாடிப்படி வளைவிலோ ஒதுங்கியிருப்பீர்கள். தின்னர் நாற்றத்துக்கு வீட்டில் ஒருவர் தினமும் மூக்கைப் பொத்திக்கொள்வார். அரிசியை விடச் சிறிய கதவுக் கைப்பிடி ஒன்று விரலிலிருந்து துள்ளிப் போக, டார்ச் அடித்துக்கொண்டு தரையில் தவழ்ந்திருப்பீர்கள். "இந்த வயசுல பொம்மையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதை எப்போதோ நிறுத்தியிருப்பீர்கள்.

எனக்கும் அந்தக் கேள்வி பழகிவிட்டது. போன வருஷம் வேறொரு கேள்வி வந்தது. அதற்குத்தான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

நான் மூன்று வருஷம் உட்கார்ந்து கட்டியது மாடல் கிட் கம்பெனியான ஏஎம்டியின் 1/25 அளவு அமெரிக்கன் லாஃபிரான்ஸ் பம்ப்பர். 1970களின் தொடக்கத்தில் வந்த கிட். அச்சு இன்னும் உயிரோடு இருப்பதால் மறுவெளியீடுகள் வருகின்றன. டிரைவர் முன் அச்சுக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்தத் தட்டை மூஞ்சி வண்டியை உங்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அந்த மூஞ்சியை அமெரிக்கத் தெருக்களுக்குப் பழக்கியது அமெரிக்கன் லாஃபிரான்ஸ் கம்பெனிதான். நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் வளர்ந்து, பல கை மாறி, 2014இல் கதவைச் சாத்திவிட்டது. வண்டி செய்தவர்கள் போய்விட்டார்கள், பொம்மை அச்சு மிச்சமிருக்கிறது.

வண்டி முடிந்ததும் ஆசை அடங்கவில்லை. ஒரு பலகையில் குளம் வெட்டி, ரெசின் ஊற்றி, கரையில் புல் நட்டு, வண்டியை நிறுத்தினேன். குளத்திலிருந்து பம்ப்புக்கு ஒரு வெள்ளைத் துணி ஓஸ். பம்ப்பிலிருந்து எரியும் கொட்டகைக்கு இன்னொரு வெள்ளைத் துணி ஓஸ். பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். நானும் நம்பிவிட்டேன்.

எங்கள் பக்கத்துத் தெருவில் மகன் வீட்டோடு இருக்கும் பெரியவர் ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேல் தீயணைப்பு வண்டி ஓட்டி, பம்ப் இயக்கி ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கம். பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருப்பதால் நான் கூப்பிடுகிறபடி அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். காப்பி குடிக்க வந்தவரைப் பெருமையோடு அழைத்துப் போய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு இடிக்கிற தூரத்தில் குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி தம்பி. தண்ணி எந்த வழியா வருது?"

குளத்தைக் காட்டினேன். வெள்ளை ஓஸைக் காட்டினேன்.

"இளநி குடிக்கிற குழா பேப்பரா இருந்து, உறிஞ்சும்போது சப்பிப் போச்சுன்னா என்னத்தக் குடிப்பிய?"

அவ்வளவுதான் சொன்னார். காப்பி நன்றாக இருந்ததென்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அந்தப் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மூன்று வருஷம். கதவுக் கீல் அசையும். ஸ்டியரிங் திருப்பினால் சக்கரம் திரும்பும். டெட்ராய்ட் டீசல் எஞ்சினுக்கு ஒவ்வொரு ஒயரும் இழுத்திருந்தேன். ஆனால் அது ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்க முடியாத வண்டி.

உங்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். குளத்திலிருந்து எடுக்கும்போது பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. பிரைமர் என்று ஒன்று குழாயிலுள்ள காற்றை முதலில் வெளியே தள்ளும். உள்ளே காற்று குறைய, குளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் வளிமண்டலம் தண்ணீரைக் குழாய்க்குள் அழுத்தி ஏற்றும். கணக்குப்படி சுமார் 10 மீட்டர் ஏற வேண்டும். நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினால் பம்ப் திணறும். அதே வளிமண்டலம் குழாயையும் வெளியிலிருந்து அழுத்துகிறது. துணி ஓஸாக இருந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சக்ஷன் ஓஸ் என்று ஒன்று தனியாக இருக்கிறது. உள்ளே கம்பிச் சுருள் வைத்த, கறுத்த, தடித்த, விறைத்த சாமான். அதைச் சுருட்டி மடக்க முடியாது. அமெரிக்க பம்ப்பர்களின் விலாவில் நீளமாகக் கிடக்கும் கறுப்பு உருளைகள் அவைதான். அலங்காரம் என்று நினைத்து நான் அவற்றை வண்டியிலேயே ஒட்டி வைத்துவிட்டு, துணியைக் குளத்தில் விட்டிருந்தேன். வேலைக்கு ஆகிற குழாய் விலாவிலேயே தொங்குகிறது, ஆகாதது தண்ணீரில் கிடக்கிறது. அண்ணாச்சி அன்றைக்கு வாய்விட்டுச் சிரிக்காதது அவர் பண்பு.

குளத்துக்குப் பதில் ஒரு ஹைட்ரன்ட் வைத்திருந்தால் என் துணி ஓஸ் பிழைத்திருக்கும். ஹைட்ரன்டில் தண்ணீர் தானே அழுத்தத்தோடு வருகிறது, உறிஞ்ச வேண்டியதில்லை. குளமா ஹைட்ரன்டா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதன் பிறகு.

நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: வண்டியைத் தண்ணீர் போகிற வழியில் கட்டுங்கள். அச்சில் வார்த்த வரிசையிலோ, வழிமுறைத் தாளின் எண் வரிசையிலோ வேண்டாம். ஸ்டிரெய்னரில் தொடங்கி நாசிலில் முடியுங்கள். இடையில் எந்த இடத்தில் உங்களுக்குப் பதில் தெரியவில்லையோ அங்கேதான் உண்மையான நகாசு வேலை காத்திருக்கிறது. நான் பிரித்துக் கட்டியபோது கண்டுகொண்டவற்றை எழுதுகிறேன்.

சக்ஷன் ஓஸிலிருந்தே ஆரம்பிக்கலாம். அமெரிக்காவில் ஒரு துண்டு 10 அடி. 1/25இல் 122 மி.மீ. உள்விட்டம் 6 அங்குலம் என்றால் நமக்கு 6 மி.மீ., வெளியே ஒரு சுற்றுக் கூடுதல். கிட்டில் வரும் வழவழப்பான உருளையைத் தூக்கிப் போடுங்கள். தடித்த எலக்ட்ரிக் ஒயர் ஒன்றின் மேல் மெல்லிய செம்புக் கம்பியைச் சீரான இடைவெளியில் சுற்றி, அதன் மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை மாட்டிச் சூடு காட்டினால், ஸ்லீவ் சுருங்கிக் கம்பியைக் கவ்வி, விலா எலும்பு தெரிகிற மாதிரி வரும். சென்னை ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கிற சாமான்தான். சீக்கிரம் சூடாக்க வேண்டும் என்று லைட்டரைக் கிட்டே கொண்டுபோனால் உருகிப் பளபளத்துவிடும். தலைமுடி உலர்த்தும் டிரையரின் கடைசிச் சூட்டில் பொறுமையாகச் செய்யுங்கள். வளைக்கும்போது பெரிய வளைவாக வளையுங்கள். அசல் அவ்வளவுதான் வளையும்.

குளத்துக்குள் போகும் நுனியில் ஸ்டிரெய்னர். ஆங்கிலேயர் வழியில் வந்த நம் ஊர்ப் பழக்கத்தில் அந்த உலோக ஸ்டிரெய்னருக்கு மேல் ஒரு கூடையும் உண்டு. இலை, பாசி, சேறு போகாமலிருக்க. ஒரு காலத்தில் அது பிரம்பில் முடைந்த கூடை. தையல் நூலில் மெழுகு ஏற்றி, குண்டூசிகளை வட்டமாகக் குத்தி, அதில் பின்னி எடுத்த ஒரு கட்டைவிரல் நகக்கண் அளவுக் கூடைக்கு எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அமெரிக்க வண்டிக்கு அது தேவையே இல்லை. ஆசைக்குச் செய்தேன். தனியாக ஒரு டப்பியில் இருக்கிறது.

அடுத்து பம்ப் பேனல். அமெரிக்க வண்டியில் டிரைவர் பக்கம், கேபினுக்கு அடுத்தாற்போல் இருக்கும். ஜெர்மன், பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் வண்டியின் முதுகில். நான் நம் ஊரில் பார்த்த வாட்டர் டெண்டர் என்னும் தீயணைப்பு வண்டிகளிலும் முதுகில்தான். கிட்டில் இந்தப் பேனல் மொத்தத்துக்கும் குரோம் பூசி வரும். பிளாஸ்டிக்கின் மேல் லாக்கர், அதன் மேல் அலுமினியப் பூச்சு. பிளீச்சில் ஊறப்போட்டால் பூச்சு கழன்றுவிடும். கழற்றுங்கள். எல்லாமே பளபளத்தால் எதுவும் கண்ணில் படாது. பேனலுக்கு மங்கிய எஃகு நிறம், மூடிகளுக்கும் வளையங்களுக்கும் மட்டும் குரோம் என்று பிரித்தபோதுதான் எது உள்ளே வருகிற வாய், எது வெளியே போகிற வாய் என்பதே எனக்குத் தெரிந்தது. பெரிய வாய் வருவதற்கு, சிறிய வாய்கள் போவதற்கு. மூடிகளுக்குச் சின்னச் சங்கிலி. மூக்குத்திக் கடையில் கேட்டால் சிரிப்பார்கள். மெல்லிய செம்புக் கம்பி இரண்டை முறுக்கித் தட்டையாக்கினால் போதும்.

மானிகளுக்கு நான் கண்ட வழி ஸ்டிக்கர் பொட்டு. நாலரை அங்குல மானி நமக்கு 4.6 மி.மீ., இரண்டரை அங்குலம் என்றால் இரண்டரை மி.மீ. இரண்டு அளவிலும் கறுப்புப் பொட்டு கிடைக்கிறது. ஒட்டி, வெள்ளையில் கோடு போட்டு, மேலே ஒரு துளி ஃபெவிகால் விட்டால் காய்ந்து கண்ணாடியாகிவிடும். வாங்கும்போது கடைக்காரப் பெண்மணி, "அக்காவுக்கா?" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பேனலின் இரண்டு பெரிய மானிகளில் இடப்பக்கம் இருப்பது உள்ளே வரும் பக்கத்துக்கு. அது அழுத்தத்தையும் காட்டும், வெற்றிடத்தையும் காட்டும். ஆகவே அதில் பூஜ்யம் ஓரத்தில் இருக்காது, முகத்தில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். பூஜ்யத்துக்கு ஒருபுறம் வெற்றிடம், மறுபுறம் அழுத்தம். குளத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் வண்டியில் அந்த முள் வெற்றிடப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வலப்பக்க மானியில் அழுத்தம் ஏறியிருக்க வேண்டும். என் முதல் வண்டியில் கொட்டகை எரிந்தது, ஓஸ் நீண்டது, நாசிலைப் பிடித்து இரண்டு வீரர்கள் நின்றார்கள், முள்ளெல்லாம் பூஜ்யத்தில் படுத்திருந்தது. வால்வுக் கைப்பிடிகள் எல்லாமே உள்ளே அழுந்தியிருந்தன. இழுத்தால்தான் அவை திறக்கும். ஒரு குண்டூசித் தலையை 2 மி.மீ. வெளியே இழுத்து வைத்திருந்தால் அந்த வண்டி வேலை செய்துகொண்டிருந்திருக்கும்.

ஓஸ் விஷயத்தில்தான் நாம் எல்லோரும் ஒரே பிழையைச் செய்கிறோம். காலி ஓஸ் உருண்டை இல்லை, தட்டை. வண்டியின் முதுகில் மடித்து அடுக்கியிருப்பது காலி ஓஸ், ஆகவே நாடா. இரண்டரை அங்குல ஓஸ் தட்டையாகும்போது சுமார் 100 மி.மீ. அகலம். 1/25இல் 4 மி.மீ. பட்டை. ஒன்றரை அங்குலம் என்றால் 2.4 மி.மீ. ஐந்து அங்குலப் பெரிய ஓஸுக்கு 8 மி.மீ., மெல்லிய பாவாடை நாடா ஏறக்குறைய சரியாக இருக்கும். மற்றவற்றுக்குத் தையல் சாமான் கடையில் பருத்தி நாடா. நீர் கலந்த ஃபெவிகாலில் தோய்த்து ஈரமாக இருக்கும்போதே மடிக்க வேண்டும். தண்ணீர் ஏறிய ஓஸ் உருண்டை, விறைப்பு, திருப்பங்களில் பெரிய வளைவு. ஆகவே ஒரே காட்சியில் இரண்டு விதமான பொருள் வேண்டும்: வண்டியில் கிடப்பதற்கு நாடா, தரையில் ஓடுவதற்கு உருண்டைக் கயிறு. வால்வு வரை உருண்டை, அதற்கப்பால் இன்னும் திறக்காத கிளையில் தட்டை. அந்த ஒரு கிளையைப் பார்க்கிறவர் தீயணைப்புத் துறைக்காரராக இருந்தால் நின்றுவிடுவார்.

அமெரிக்கத் தரநிலை ஒன்றின்படி ஒரு பம்ப்பரில் இரண்டரை அங்குலமோ அதற்கு மேலோ உள்ள ஓஸ் 800 அடி இருக்க வேண்டும் என்றிருந்தது. 1/25இல் கிட்டத்தட்ட 10 மீட்டர் நாடா. முழுதும் அடுக்கிப் பார்த்த பைத்தியம் இதை எழுதுகிறது. நீங்கள் அடியில் தெர்மோகோல் கட்டை வைத்து மேல் இரண்டு அடுக்கை மட்டும் மடியுங்கள். ஆனால் 50 அடிக்கு ஒரு கப்ளிங் வரும் என்பதை மறக்காதீர்கள். அதாவது நாடாவில் 61 செ.மீ.க்கு ஒன்று.

கப்ளிங் என்றதும் எனக்குக் கொஞ்சம் அதிகம் பேசத் தோன்றும். 1904 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் தீப்பற்றியது. வாஷிங்டனிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வண்டிகள் ரயிலேறி வந்தன. பால்டிமோர் ஹைட்ரன்டில் வெளியூர்க்காரர்களின் ஓஸ் மாட்டவில்லை. மரை வேறு. தண்ணீர் இருக்கிறது, வண்டி இருக்கிறது, ஆள் இருக்கிறார், திருகு ஏறவில்லை. 30 மணி நேரத்துக்கு மேல் எரிந்த தீயில் 1,500க்கும் அதிகமான கட்டடங்கள் போயின. பிறகு ஆராய்ந்தபோது அந்த நாட்டில் 600க்கும் மேற்பட்ட விதமான கப்ளிங்குகள் புழங்கியது தெரிந்தது. அதன் பிறகுதான் நாடு முழுதுக்கும் ஒரே மரை என்ற பேச்சே வலுத்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாமும் நம் மேசையில் பால்டிமோரைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம். ரெவெல் கிட்டில் வரும் ஷ்லிங்மான் ஜெர்மன் வண்டிக்கு அமெரிக்கத் திருகுக் கப்ளிங்கை மாட்டுகிறோம், அமெரிக்க வண்டிக்கு ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ஜெர்மன் கப்ளிங்கை மாட்டுகிறோம். ஜெர்மனியில் இருப்பது ஸ்டோர்ஸ் முறை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஆண் பெண் பேதம் கிடையாது, எதையும் எதோடும் வைத்துக் கால் திருப்பம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் பெரும்பாலும் மரை, அதைச் சுற்றிப் பிடிக்கக் காதுகள். நம் ஊரிலும் பிரிட்டனிலும் உள்ளே தள்ளினால் டக்கென்று கவ்விக்கொள்ளும் வகை. விடுவிக்க இரண்டு பக்கமும் உள்ள குமிழை இழுக்க வேண்டும். 63 மி.மீ. ஓஸுக்கான நம் கப்ளிங் 1/24இல் மூன்று, நான்கு மி.மீ. தடிமன்தான் வரும். அதில் குமிழ் எங்கே தெரியப்போகிறது என்பீர்கள். தெரியாது. ஆனால் காது வைத்துவிட்டால் தெரியும்.

நிறத்தைப் பற்றி நாம் அடித்துக்கொண்ட அளவுக்கு எழுத ஒன்றுமில்லை. ஜெர்மானியருக்கு ஆர்ஏஎல் 3000. நமக்கு இந்தியத் தரநிலையின் ஐஎஸ் 5 அட்டவணையில் 536 என்ற எண்ணுள்ள தீ சிவப்பு. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் வேறு. 1970களில் பல ஊர்கள் எலுமிச்சை மஞ்சளுக்கே மாறின, இருட்டில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பு கறுத்துப் போகும் என்ற காரணத்தால். சில ஊர்கள் பிறகு மனசு கேட்காமல் சிவப்புக்கே திரும்பின. நமக்கு முக்கியம் அடிப்பூச்சு. சாம்பல் நிற அடியின் மேல் சிவப்பு செங்கல்லாகிவிடும். வெளிர் ரோஸ் அடியின் மேல் அடித்தால் எரியும். சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த கிட்டாக இருந்து, கேபின் கூரைக்கு வெள்ளை அடிக்கிறீர்கள் என்றால் முதலில் ஒரு வெள்ளிப்பூச்சு கொடுத்து அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் கூரை ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்துவிடும். எனக்கு வந்தது.

டாங்கி கட்டி, இங்கே வந்து சேர்ந்த நண்பர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. துரு, சேறு, எண்ணெய்க் கசிவு என்று கைவசமுள்ள எல்லா அழுக்கையும் கொட்டிவிடுகிறீர்கள். தீயணைப்பு வண்டி தினமும் துடைக்கப்படுகிற வண்டி. அது துருவால் தேய்வதில்லை, கையால் தேய்கிறது. ஏறும் படியின் விளிம்பில் செக்கர் பிளேட்டின் புள்ளிகள் பூட்ஸ் பட்டு மழுங்கியிருக்கும். கைப்பிடியின் நடுப்பகுதி மட்டும் பளபளக்கும். ஓஸ் இழுத்து இழுத்து, அதை அடுக்கும் படுக்கையின் பின்விளிம்பில் பெயிண்ட் போயிருக்கும். தேய்மானமும் தண்ணீர் வழியில்தான்.

இன்னொன்று, இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. தீயணைப்பு வண்டி எப்போதும் பாரம் ஏற்றிய வண்டி. 500 கேலன் அமெரிக்கத் தொட்டியில் சுமார் 1,900 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு டன். நம் ஊர் பி வகை வாட்டர் டெண்டரில் 4,500 லிட்டர், நாலரை டன். நிலையத்தில் சும்மா நிற்கும்போதும் தொட்டி நிறைந்தே இருக்கும், நிறைந்திருந்தால்தான் அது தீயணைப்பு வண்டி. ஆகவே பின் ஸ்பிரிங் அமுங்கியிருக்க வேண்டும். கிட்டுகள் இதைக் கவனிப்பதில்லை. பின்புறம் தூக்கிக்கொண்டு காலி லாரி மாதிரி நிற்கும். பின் அச்சின் கீழ் ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ இறக்கிப் பாருங்கள். திடீரென்று வண்டிக்குள் தண்ணீர் வந்துவிடும். மூடிய தொட்டிக்குள் இருக்கும் தண்ணீரைக் காட்ட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர் வண்டி என்று எழுதிவிட்டேன், அதையும் பேசிவிடலாம். டாடா, அசோக் லேலண்ட் சேசிஸில் கட்டிய நம் வாட்டர் டெண்டருக்குக் கடையில் கிட் கிடையாது. லாரி கிட்டை வெட்டித்தான் கட்ட வேண்டும், அல்லது அட்டையிலும் பிளாஸ்டிக் ஷீட்டிலும் பிறப்பிலிருந்தே செய்ய வேண்டும். வரைபடமும் கிடைக்காது. பாடி கட்டுபவர் மாறினால் ஷட்டர் மாறும், ஏணி தாங்கி மாறும், பேனல் மாறும். ஆகவே அளந்துதான் ஆக வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்று மத்திய அரசின் விதி வந்திருக்கிறது. நாம் சின்ன வயதில் மணியோசை கேட்டு வாசலுக்கு ஓடிவந்து பார்த்த வண்டிகள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு அளக்காததை நாளைக்கு நினைவிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும். நம் நினைவு எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு என் குளமே சாட்சி.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புச் சேவை வாரம். 1944 ஏப்ரல் 14இல் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்ததை நினைத்து வருவது. அந்த வாரத்தில் செயல்விளக்கம், கண்காட்சி என்று பல இடங்களில் வண்டியை வெளியே நிறுத்துவார்கள். போய் நிலைய அலுவலரிடம் அனுமதி கேளுங்கள். இன்னதற்காக என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், அவர்கள் சிரித்தாலும் மறுக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். ஷட்டருக்கு நேரே நிற்காதீர்கள், பம்பரில் பையை வைக்காதீர்கள், எந்த நிமிஷமும் அழைப்பு வரலாம். படம் எடுக்கும்போது தள்ளி நின்று ஜூம் செய்து, நேருக்கு நேராக எடுங்கள், கிட்டே போனால் வண்டி வளைந்துவிடும். ஓர் அடிக்கோலைச் சாய்த்து வைத்து எடுங்கள். அதுவும் முடியாவிட்டால் டயரைப் பாருங்கள். 10.00-20 என்று எழுதியிருந்தால் விட்டம் சுமார் 1,050 மி.மீ. அதை வைத்துப் படத்திலிருந்தே மற்ற அளவுகளைப் பிடித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பம்ப் இயக்குகிற ஆளைத் தேடிப் பிடித்து, ஸ்டிரெய்னரிலிருந்து நாசில் வரை கையால் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கையைப் படம் எடுங்கள்.

அண்ணாச்சி அப்படிக் காட்டியபோது ஒரு கதை சொன்னார். ஏதோ ஒரு கிராமம், எந்த ஊரென்று எழுத வேண்டாம் என்றார். கிணற்றில் சக்ஷன் இறக்கியாயிற்று, எஞ்சின் அலறுகிறது, பிரைமர் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. வைக்கோல் படப்பு எரிந்துகொண்டிருக்கிறது. ஊரே கூடிக் கத்துகிறது. இவர் ஓஸ் ஓரமாகக் காதை வைத்துக்கொண்டே நடந்திருக்கிறார். நடுக் கப்ளிங் ஒன்றில் ஸ்ஸ் என்று காற்று போகிற சத்தம். உள்ளே ரப்பர் வாஷர் இல்லை. எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. ஒரு சைக்கிள் டியூபை வெட்டி வைத்து மாட்டியபோது தண்ணீர் பிடித்தது என்றார். படப்பைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போன மாதம் என் இரண்டாவது பலகை முடிந்தது. அதே குளம், அதே லாஃபிரான்ஸ். கறுத்த சக்ஷன் இரண்டு துண்டு, 122 மி.மீ. ஒவ்வொன்றும், நடுவில் காது வைத்த கப்ளிங். இடப்பக்க மானி வெற்றிடத்தில் சாய்ந்திருக்கிறது. ஒரு வால்வு வெளியே இழுத்திருக்கிறது. அந்த ஓஸ் மட்டும் உருண்டை. பின் ஸ்பிரிங் அமுங்கியிருக்கிறது. அண்ணாச்சியைக் காப்பிக்கு அழைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். இந்த முறை சுண்டுவிரலை நீட்டி, தொடாமல், குளத்திலிருந்து மெல்லக் கொண்டுவந்தார். ஸ்டிரெய்னர். முதல் துண்டு. நடுக் கப்ளிங். அங்கே விரல் நின்றது.

"வாஷர் போட்டியளா தம்பி?"

அவர் விளையாட்டுக்குக் கேட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

அந்தக் கப்ளிங்கை ரெசினில் பாதி புதைத்திருக்கிறேன். நேற்றிரவிலிருந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். கால் மி.மீ. தடிமனில் ரப்பர் ஷீட் எங்கே கிடைக்கும் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். சைக்கிள் டியூபை வெட்டிப் பார்த்துவிட்டேன், ரொம்பத் தடிமன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்